ரேகையை விடு!

“செருப்பை வெளிய விடுங்கக்கா. துப்பட்டாவைச் சொருகிக்கோங்க, வெல்க்ரோ பிடிச்சுக்கும்.”

கதவைத் திறந்த கையோடு வந்த எச்சரிக்கை. சொருகுவதற்குள் பிடித்தே விட்டது. மேசை விளிம்பில் ஒட்டிக் கிடந்த வெல்க்ரோ துண்டு துப்பட்டாவைக் கவ்விக்கொள்ள, நான் இழுக்க, ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம். அறை மொத்தமும் சிரித்தது. “இன்னைக்கு முதல் போணி!”

இது கோவையில் ஒரு கல்லூரியின் ஸ்ப்ளின்ட் அறை, அதாவது கையைத் தாங்கிப் பிடிக்கும் பட்டைகளை அச்சு எடுத்துச் செய்கிற இடம். ஆக்குபேஷனல் தெரபி படிக்கிற பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் எட்டிப் பார்க்காத இடம். எனக்கு இன்று அனுமதி கிடைத்துவிட்டது, விடுவேனா? பக்கவாதம் வந்தவர், மெஷினில் கை சிக்கியவர், பென்சில் பிடிக்க வராத குழந்தை, மனம் ஒடுங்கி வீட்டுக்குள் முடங்கிவிட்ட இளைஞர்... யாராக இருந்தாலும் அவரவர் வேலையை அவரவரே செய்துகொள்ள வழி கண்டுபிடித்துத் தருவதுதான் இவர்கள் தொழில். சட்டை மாட்டுவது, சோறு பிசைவது, பள்ளிக்கூடம் போவது, பிழைப்புக்குத் திரும்புவது எல்லாம் இதில் அடக்கம். நாலு வருஷம் வகுப்பு, அப்புறம் ஆறு மாதம் பயிற்சி. ஊரில் யாரிடம் சொன்னாலும் “ஓ, பிசியோவா?” என்று முடித்துவிடுகிறார்களாம். இல்லை என்று விளக்கி விளக்கிச் சலித்துப்போய், இப்போதெல்லாம் “ஆமாங்க, அதுதான்” என்று சொல்லிவிட்டுக் கல்யாண வீட்டில் பந்திக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.

என்னை உள்ளே கூட்டி வந்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி கொழிஞ்சாம்பாறைக்காரி. தினமும் வேலந்தாவளம் எல்லையைத் தாண்டி பஸ்ஸில் வந்து போகிறவள். இன்னொருத்தி மூணாறு எஸ்டேட் லயத்தில் பிறந்தவள், இங்கே ஹாஸ்டல்வாசி. பேர் போடக் கூடாது என்பது நிபந்தனை. அதனால் கொழிஞ்சாம்பாறை, மூணாறு என்றே சொல்லிவிடுகிறேன். வகுப்பிலும் அவர்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கேரளத்துக்குள்ளேயே இரிஞ்ஞாலக்குடா பக்கம் கல்லேட்டுங்கரையில் ‘நிப்மர்’ என்ற அரசு நிறுவனத்தில் இந்தப் படிப்பு உண்டு. “எனக்குக் கோயமுத்தூர்தானுங்க பக்கம்” என்கிறாள் கொழிஞ்சாம்பாறை. அவளுக்கு மாநில எல்லை என்பது கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்ற கவலை மட்டும்தான்.

சரி, வாங்க, தொட்டிப் பக்கம் போவோம்.

எவர்சில்வர் தொட்டியில் 70 டிகிரிக்குப் பக்கத்தில் வெந்நீர். அருகே ஒரு வெள்ளைத் தகடு. தெர்மோபிளாஸ்டிக். அதன் விலையைச் சொன்னதும் நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். விலை அப்படி என்பதால்தான் முதலில் காகிதம். தோழியின் கையைத் தாளில் வைத்து வரைந்து, வெட்டி, அவள் கையிலேயே மடித்துப் பார்த்து, மேடத்திடம் திட்டு வாங்கி, மறுபடி வரைந்து... காகிதம் தேறின பிறகுதான் தகட்டைத் தொட விடுவார்கள்.

தண்ணீரில் போட்ட தகடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெண்மை போய்க் கண்ணாடியாகிறது. “ஆயிருச்சு, ஆயிருச்சு, எடு!” இடுக்கியால் தூக்கினால் நனைத்த அப்பளம் மாதிரி தொங்குகிறது. டவலில் ஒற்றி, தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, மேசையில் முழங்கையை ஊன்றிக் காத்திருக்கும் மூணாறின் கையில் போர்த்துகிறாள் கொழிஞ்சாம்பாறை. இனி சில நிமிஷம்தான். அதற்குள் மணிக்கட்டு லேசாக மேலே தூக்கியிருக்க வேண்டும், பெருவிரல் இடுக்கில் தகடு வழிந்து உட்கார வேண்டும், எங்கேயும் தன் விரல் பதியக் கூடாது. பதிந்தால் அந்தப் பள்ளம் அப்படியே இறுகி, நாளைக்கு ஒருவர் தோலில் புண்ணாக நிற்கும். காற்றுப் பட்டால் சீக்கிரம் இறுகிவிடும் என்று மின்விசிறியை வேறு நிறுத்திவிட்டார்கள். மே மாதக் கோவை. நெற்றி, மேலுதடு, மூக்கு நுனி எல்லாம் வியர்வை. துடைக்கக் கை ஒழியவில்லை. சித்தூர்ப் பையன் ஒருவன் கர்சீப்பால் அவள் நெற்றியை ஒற்றிவிட்டான். “சினிமாவுல பெரிய சர்ஜனுக்குத்தான் இதெல்லாம் நடக்கும், தெரிஞ்சுக்கோ.”

“ரேகையைப் பார்! ரேகையை விடு!” பின்னாலிருந்து மேடத்தின் குரல்.

உள்ளங்கையில் விரல்களுக்குக் கீழே குறுக்காக ஓடுகிறதே, அந்த ரேகை. தகடு அதைத் தாண்டி ஏறினால் விரல்கள் முழுசாக மடங்காது. மடங்காவிட்டால் சோற்றை உருட்ட முடியாது. தேறியதா இல்லையா என்று பார்க்க இங்கே மாணவர்கள் வைத்திருக்கும் பரீட்சை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்ப்ளின்டை மாட்டிக்கொண்டே கேன்டீனுக்குப் போய், கரண்டி தொடாமல், சாம்பார் சாதம் சாப்பிட்டு வர வேண்டும். மூணாறு போனாள். திரும்பி வந்தபோது ரேகை தப்பித்திருந்தது. சாம்பார்தான் ஸ்ட்ராப் வரைக்கும் ஏறியிருந்தது. “கழுவுறது எப்படின்னு யோசிச்சீங்களா?” என்று மேடம் கேட்க, கொழிஞ்சாம்பாறை நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வெட்டி மிச்சமான துண்டுகளைக் குப்பையில் போடுவதில்லை. மோதிரம், கீ செயின், போன் ஸ்டாண்ட், ஜன்னல் திட்டில் ஒரு குட்டிப் பிள்ளையார். பிராக்டிகல் பரீட்சைக் காலையில் அவருக்கு இருக்கும் மவுசு தனி.

பக்கத்துக் கதவைத் திறந்தால் வீடு! கட்டில், பீரோ, கேஸ் அடுப்பு, தண்ணீர் வராத ஒரு இந்தியன் கக்கூஸ், சுவரில் ஒரு பலகை. பலகை நிறைய வரிசையாகத் தாழ்ப்பாள், சுவிட்ச், குழாய், பூட்டு. நோயாளிகள் வீடு திரும்புமுன் ஒத்திகை பார்க்கும் இடம். கதவில் ‘ஏ.டி.எல்.’ என்று எழுதியிருக்கிறது, அன்றாட வேலைகள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். மாணவர்கள் வைத்த பேர் ‘மாமியார் வீடு’. எதைச் செய்தாலும் யாராவது நோட்டும் கையுமாக நின்று குறை எழுதுவார்களாம்.

அடுக்களை மேடையைப் பாருங்கள், சிரிப்பு வருகிறது. ஸ்பூனுக்கு சைக்கிள் ஹேண்டில் கிரிப் மாட்டியிருக்கிறது. பல்துலக்கும் பிரஷ்ஷுக்கு ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோம். பலகையில் இரண்டு ஆணி நிமிர்ந்து நிற்க, அதில் ஒரு வெங்காயம் குத்தி வைத்திருக்கிறது. ஒரு கை மட்டும் வேலை செய்கிறவருக்கு அந்த ஆணிதான் இன்னொரு கை. பாத்திரத்துக்கு அடியில் ஈரத்துணி, நழுவாமல் இருக்க. இதில் பாதி, கடையில் வாங்கினால் வெளிநாட்டு விலை. உக்கடத்தில் பழைய சாமான் கடைகளைச் சுற்றினால் டீக்காசுக்கு ஆகிவிடும் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள்.

இன்றைய பாடம், வலது கையை துப்பட்டாவால் உடம்போடு கட்டிவிட்டு உடை மாற்றுவது. போட்டிருக்கும் உடைக்கு மேலேயே இன்னொன்று. வெட்கத்துக்கு இடமில்லை, சிரிப்புக்கு இருக்கிறது. விதி ஒன்றுதான். பாதித்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியாக எடுக்க வேண்டும். கேட்க எளிது. சுடிதார் டாப்ஸுக்குள் தலை மாட்டிக்கொண்டு “யாராவது இருக்கீங்களா?” என்று ஒரு பெண் இருட்டில் கேட்கிறாள். சித்தூர்ப் பையனுக்கு வேஷ்டி. ஒரு முனையைத் தாடையில் கவ்வி, இடுப்பைச் சுவரோடு அழுத்தி, மறுமுனையைச் சுற்றி இழுத்து... கட்டிவிட்டான்! கைதட்டல். ஒரு எட்டு எடுத்து வைத்தான். வேஷ்டி அங்கேயே நின்றுவிட்டது. நல்லவேளை, உள்ளே பேன்ட்.

“கரைல வெல்க்ரோ தைக்கலாம்.”

“எங்கப்பா வெல்க்ரோ வேஷ்டி கட்டுவாரா? மானம் போச்சும்பார்.”

“அப்போ உங்கப்பாவையே கேளு. அவர் ஒத்துக்காத எதையும் நீ பண்ணி பிரயோஜனமில்லை.” மேடம்தான்.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்தது. பாடப்புத்தகங்கள் தலையணைத் தடிமனில் இருக்கின்றன. ஆனால் அந்தப் புத்தகத்து அடுக்களையில் எல்லாரும் நின்றுகொண்டு கத்தியால் வெட்டுகிறார்கள், நாற்காலியில் உட்கார்ந்து முள்கரண்டியால் சாப்பிடுகிறார்கள். கொழிஞ்சாம்பாறையின் பாட்டி தரையில் உட்கார்ந்து அருவாமனையில் வெட்டுகிறவர். பக்கவாதத்துக்குப் பிறகும் அதுதான் வேண்டும் என்கிறார். புத்தகத்தில் அருவாமனை இல்லை. அதற்காக அங்கே ஒரு அரைமணி நேரச் சண்டை நடந்தது. மேசைமேல் தூக்கி கிளாம்ப் போடலாம் என்று ஒரு கட்சி. பாட்டிக்கு நின்றால் கிறுகிறுக்கும் என்று எதிர்க்கட்சி. கடைசியில் குட்டை முக்காலி, அருவாமனையைத் திருகி வைக்க அகலப் பலகை, பலகைக்கு அடியில் ஈரச் சாக்கு என்று முடிவானது. தேங்காய்த் துருவலுக்கும் அதே பலகை ஆகும் என்று யாரோ சொன்னதும் இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டன. நாலரை வருஷமும் இந்தப் பிள்ளைகள் படிப்பதில் பாதி, புத்தகத்தை நம் வீட்டுத் தரைக்கு இறக்கி வைக்கிற வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நடைவழிச் சுவரில் ஒரு சார்ட் தொங்குகிறது. அக்டோபர் 27, உலக ஆக்குபேஷனல் தெரபி நாளுக்கு ஒட்டியது. தெர்மாக்கோல் எழுத்தில் இரண்டு உதிர்ந்துவிட்டன. நடுவில் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர். 1950-இல் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் இந்தப் படிப்புக்கான முதல் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவுக்கே அதுதான் முதல். இரண்டே வருஷத்தில், 1952-இல், இந்தத் தொழிலுக்கான உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய 10 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

பக்கத்தில் நமக்கு இன்னும் நெருக்கமான முகம், டாக்டர் மேரி வர்கீஸ். கொச்சி பக்கம் செராய்க்காரர், வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிறுவனத்தை உருவாக்கியவர் அவர்தான். அதே வேலூரில், அவருக்கு முன்னால், டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திவிட்டு, நிமிர்ந்த விரல்களுக்கு வேலை வேண்டுமே என்று தச்சுப்பட்டறை வைத்து பொம்மை செய்யப் பழக்கினார். ‘இங்கே சாயக் கூடாது’ என்று சார்ட்டுக்குக் கீழே எழுதியிருக்கிறது. அதில்தான் எல்லாரும் சாய்ந்து நிற்கிறார்கள்.

குழந்தைகள் பகுதிக்குள் போக எனக்கு ஒரே கட்டளை. “ஓரமா உக்காருங்க, குறுக்க பேசாதீங்க.” சரி என்று பாயில் ஒடுங்கினேன். கூரையிலிருந்து ஊஞ்சல்கள், பெரிய பந்துகள், மெத்தைகள், அரிசி கொட்டிய டப்பா. அரிசிக்குள் பொம்மைகள் ஒளிந்திருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் விளையாட்டு. மாணவி யானையாகிறாள், ரயிலாகிறாள், ஊஞ்சலை ஓயாமல் ஆட்டுகிறாள். கால் மணி நேரத்தில் வெள்ளைக் கோட்டின் முதுகு நனைந்துவிட்டது. கழுத்தில் முடி ஒட்டிக்கொண்டது.

ஈரமாக, கொழகொழவென்று எதையும் தொடாத ஒரு சிறுவன். தயிர்சாதம் கிட்டே வந்தாலே அலறல். அன்றைக்கு மேசையில் ராகி மாவுக் கூழ் ஒரு தட்டில். மாணவி தன் கையை முக்கி, தட்டில் ரோடு போட்டு, பொம்மை பஸ்ஸை ஓட்டுகிறாள். தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறி கண்டக்டர் விசில். “பாலக்காடு, பாலக்காடு, ஆள் எறங்கணும்!” பையன் பஸ்ஸைப் பார்க்கிறான், கூழைப் பார்க்கிறான். பஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. யார் எடுப்பது? அவள் எடுக்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. ஒரே ஒரு விரல் நீண்டு, கூழைத் தொட்டு, பஸ்ஸைத் தள்ளி, சட்டென்று சட்டையில் துடைத்துக்கொண்டது.

அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. “ரைட், போலாம்” என்று விசிலடித்தாள். பையன் அம்மாவோடு கிளம்பிப் போன பிறகு நடைவழிக்கு ஓடி, சத்தம் வராமல் ஒரு குத்தாட்டம் போட்டாளே, அதை நான் மட்டும்தான் பார்த்தேன்! உடனே உள்ளே போய் ரெக்கார்ட் நோட்டில் இரண்டு வரி எழுதினாள். அவ்வளவு ஆட்டத்துக்கு இரண்டே வரி.

ராத்திரி ஹாஸ்டல். மூணாறின் கட்டிலுக்கு அடியில் அரிசிச் சாக்கு ஒன்று. கால் பட்டதும் கடகடவென்றது. “எலும்புக்கா. சீனியர்கிட்ட இருந்து வந்தது.” நைலான் நூலில் கோத்த ஒரு கை, மொத்தம் 27 எலும்பு. மணிக்கட்டில் மட்டும் எட்டு. அந்த எட்டை வரிசையாக நினைவு வைக்கப் பிள்ளைகள் ஒரு வாக்கியம் கட்டி வைத்திருக்கிறார்கள். கேட்டேன், சிரித்தேன். இங்கே அச்சிட முடியாது. கதவின் உள்பக்கம் தோளிலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னலின் படம், நாலு கலரில். பல் துலக்கும்போதும் கண்ணில் படட்டும் என்று. ஒருத்தி மற்றவளின் முழங்கையில் தட்டி “சுண்டு விரல் சுர்ருனுச்சா? இது எந்த நரம்பு, சொல்லு” என்று வைவா கேட்கிறாள். பதில் தப்பானால் மறுநாள் டீ அவள் கணக்கு.

டீ என்றதும் மூணாறு தன் நோட்டை எடுத்துக் காட்டினாள். ஒரு வேலையைச் சின்னச் சின்ன அசைவாக உடைத்து எழுதுவது இவர்களுக்கு வாடிக்கையான வீட்டுப்பாடம். வகுப்பில் எல்லாரும் ‘டீ போடுதல்’ எழுதியபோது இவள் ‘கொழுந்து எடுத்தல்’ எழுதினாளாம். சரிவில் கால் ஊன்றுவது, இடுப்பை முன்னால் வளைப்பது, கத்திரியை இரண்டு கையாலும் திறந்து மூடுவது, நிறைந்த பையைச் சுமந்து எடை போடும் இடத்துக்கு நடப்பது, மழையில் அட்டைப்பூச்சியை உதறுவது உட்பட. மேடம் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: “இதை யார் செய்கிறார்கள்? அவருக்கு எங்கே வலிக்கிறது?” பதிலாக ஒரே சொல். ‘அம்மா.’ கீழே ஒரு கையின் படம், வலிக்கும் இடங்களில் புள்ளி.

விடுமுறைக்கு அவள் ஊருக்குக் கிளம்பியபோது நானும் தொற்றிக்கொண்டேன். உடுமலை, ஒன்பதாறு செக்போஸ்ட், சின்னாறு, மறையூர். வளைவு ஏற ஏறக் குளிர். மூணாறில் நேரே வீட்டுக்குப் போகவில்லை. “உங்களுக்கு ஒரு இடம் காட்டணும்” என்று ‘சிருஷ்டி’க்குக் கூட்டிப் போனாள்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் மாற்றுத்திறனோடு பிறந்த பிள்ளைகளுக்காக 1991-இல் ரத்னா கிருஷ்ணகுமார் தொடங்கிய இடம். சிறப்புப் பள்ளி ஒன்று, அதை முடித்தவர்களுக்கு வேலை தரும் பட்டறைகள். ‘அதுல்யா’வில் காகிதம், ‘ஆரண்யா’வில் இயற்கைச் சாயம், ‘நிசர்கா’வில் ஸ்ட்ராபெரி ஜாம். கடையில் அழகாக அடுக்கி வைத்த குறிப்பேட்டையும் துப்பட்டாவையும் சுற்றுலாக்காரர்கள் வாங்கிப் போவார்கள். நமக்கு அதற்குப் பின்னால்தானே வேலை!

காகிதக் கூழின் புளித்த ஈர வாசம். தரையெல்லாம் தண்ணீர். சல்லடைச் சட்டத்தைக் கூழில் முக்கித் தூக்கி, ஆட்டாமல் பிடித்து, வடிய விடுகிறார்கள். சாயப் பட்டறையில் ஆவி. தேயிலைக் கழிவு, மாதுளைத் தோல், யூகலிப்டஸ் எல்லாம் இங்கே நிறமாகின்றன. துணியை மடித்து நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கும் ‘ஷிபோரி’ வேலை நடக்கும் இடத்தில் மூணாறு நின்றுவிட்டாள். துணியைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்க்கிறாள். “எந்த விரல் நூலைப் பிடிக்குது, எது இழுக்குது பாருங்கக்கா. நாங்க பெக்போர்டுல மாசக்கணக்கா பழக்குற பிடி இது.” ஒருவருக்குக் கட்ட வரும், இன்னொருவருக்கு அவிழ்க்க வரும், மற்றவருக்கு மடிக்க வரும். வேலையை ஆளுக்கு ஏற்பத் துண்டு போட்டுப் பிரிப்பது என்று வகுப்பில் படித்ததை இங்கே கண்ணெதிரே பார்க்கலாம். தானும் ஒரு முடிச்சுப் போட்டுப் பார்த்தாள். பக்கத்திலிருந்த அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார், தலையை ஆட்டினார், அவிழ்த்தார், தானே கட்டினார். “கோயமுத்தூர் படிப்பு!” என்று ஒரு குரல். சிரிப்பு அடங்க நேரமானது.

லயத்தில் அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். 2015-இல் ‘பொம்பிளை ஒருமை’ என்று போராட்டத்தில் இறங்கி மூணாறு ரோட்டையே நிறுத்திய தோட்டத்துப் பெண்கள் கூட்டத்தில் தானும் இருந்ததாகச் சொன்னவருக்கு, மகளின் படிப்பு பற்றிப் பெரிய மிரட்சியெல்லாம் இல்லை. மகள் பையிலிருந்து கறுப்பு ஃபோமை எடுத்தாள். கத்திரிக் கைப்பிடி தடித்தால் பிடி இளகும், விரல் வலி குறையும் என்று கணக்கு. மாட்டிக் காட்டினாள்.

“கத்திரிக்கு எதுக்குடி சட்டை?”

“பிடிச்சுப் பாரும்மா.”

பிடித்தார். இரண்டு தரம் வெட்டினார். வாசலுக்குப் போய் குழாயடியில் நனைத்துவிட்டுத் திரும்ப வெட்டினார். ஃபோம் வழுக்கிச் சுழன்றது. “இங்கன பாதி வருஷம் மழைடி. ஒங்க காலேஜுல மழை பெய்யாதோ?” மகள் நோட்டைத் திறந்துவிட்டாள். அம்மாவே யோசித்து, கட்டில் அடியிலிருந்து பழைய சைக்கிள் டியூப் ஒன்றை இழுத்தார். நாடாவாக வெட்டி, கைப்பிடியில் இறுக்கிச் சுற்றி, மறுபடி நனைத்து, வெட்டிப் பார்த்தார். வழுக்கவில்லை. “ம்ம். இது பரவால்ல.” மகள் குனிந்து எத்தனை சுற்று, எவ்வளவு அகலம் என்று எழுதுகிறாள். அம்மா அவள் தலைக்கு மேல் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்.

பக்கத்து வீட்டு அக்கா தன் கத்திரியோடு வந்தார். பிறகு எதிர் வரிசைச் சித்தி. பிறகு ஒரு பாட்டி, கத்திரி இல்லை, வெற்றிலை உரல் உலக்கைக்கு ஒரு சுற்று வேண்டுமாம். பழைய டியூப் தீர்ந்துபோனது. மூணாறு வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய் சைக்கிளைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டான்.